விண்வெளிக் கதைகளில் மிகைத்திறன் நாயகி: ‘மேரி சூ’ என்னும் குற்றச்சாட்டும் இரட்டை அளவுகோலும்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைகதைத் திரைப்படங்களில் பெருந்திறன் வாய்ந்த பெண்ணொருத்தி முதன்மைப் பாத்திரமாக வரும்போது, அப்பாத்திரத்தை ‘மேரி சூ’ எனப் பெயரிட்டு ஒதுக்கும் வழக்கம் ரசிகரிடையே வேரூன்றியுள்ளது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்க ரசிகர் இதழொன்றில் நகைச்சுவையாகப் பிறந்த இப்பெயர், 2015ஆம் ஆண்டில் ஸ்டார் வார்ஸ் நாயகி ரேயின்மீது சுமத்தப்பட்டபோது அதன் பொருளும் பணியும் மாறியிருந்தன. இம்மாற்றத்தை விளக்குவதும், கதைக்கட்டமைப்புக் குறையையும் பாலினம் சார்ந்த ஐயத்தையும் பிரித்தறிய நான்கு வினாக்களை முன்வைப்பதும், அவ்வினாக்களை ஆண், பெண் பாத்திரங்களிடம் ஒரே வகையில் எழுப்பிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, ரசிகர் புனைவு, மேரி சூ, தன்னேரில்லாத் தலைவன், இரட்டை அளவுகோல், பாத்திரப் படைப்பு.

முன்னுரை

மக்கள் பெருந்திரளாகக் காணும் திரைப்படங்களைப் பற்றி ரசிகர் நடத்தும் விவாதங்கள் திறனாய்வின் எல்லைக்குள் வருவனவல்ல என்றொரு கருத்து நெடுங்காலம் நிலவியது. எனினும் பாத்திரப் படைப்பு, நம்பகத்தன்மை, நிகழ்ச்சிகளின் காரணகாரியத் தொடர்பு ஆகியவை குறித்து இன்று மிகுதியானோர் பேசும் களம் அவ்விவாதங்களே. அக்களத்தில் வழங்கும் கலைச்சொற்கள் முறையான திறனாய்விலும் மெல்லமெல்ல இடம்பெற்று வருகின்றன. ஆகவே அவற்றின் தோற்றத்தையும் பயன்பாட்டையும் வரையறுத்து நோக்குவது தேவையாகிறது.

‘மேரி சூ’ என்பது அத்தகைய கலைச்சொற்களுள் ஒன்று. உழைப்போ பயிற்சியோ இன்றி எல்லாத் திறன்களையும் பெற்று, எல்லோராலும் விரும்பப்பட்டு, எதிலும் தோல்வியுறாத பாத்திரத்தை அது குறிக்கும். இச்சொல்லைப் பயன்படுத்துவோர் தாம் கதையின் குறையைச் சுட்டுவதாகக் கூறுவர். எதிர்ப்போர், அதே திறன்கள் ஆண் நாயகனிடம் இருந்தால் யாரும் வினா எழுப்புவதில்லை என்பர். இருதரப்பினர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிய தீர்ப்புகள் என்பது விவாதத்தில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் பணி.

சொல்லின் பிறப்பு

ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடர் அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பானது. தொடர் நின்ற பின்னரும் அதன் ரசிகர்கள் தட்டச்சுப் படிகளாகவும் உருளச்சுப் படிகளாகவும் இதழ்கள் நடத்தி, தாமே எழுதிய கதைகளை வெளியிட்டு வந்தனர். இவ்விதழ்களில் எழுதியோரும் அவற்றை நடத்தியோரும் பெரும்பாலும் பெண்கள். ‘மெனஜெரி’ என்னும் அத்தகைய இதழின் ஆசிரியர்களுள் ஒருவரான பாலா ஸ்மித், 1973ஆம் ஆண்டில் மிகச் சிறிய எள்ளல் கதையொன்றை எழுதினார்.

அக்கதையின் நாயகி மேரி சூ, பதினைந்தரை வயதினள், விண்கலப் படையிலேயே இளைய அதிகாரி. கலத்தின் தலைவன் அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். கலத்தின் பொறுப்பே அவளிடம் ஒப்படைக்கப்படுகிறது. அறிவுக்குப் பெயர்பெற்ற ஸ்பாக் அவளுடைய அறிவை வியக்கிறான். மூத்த அதிகாரிகள் அனைவரும் நோயுற்றபோது அவள் தனியொருத்தியாகக் கலத்தை நடத்தி விருதுகள் பெறுகிறாள். இறுதியில் எல்லோரும் சூழ்ந்து நின்று அழ, அழகுற இறக்கிறாள். புதிதாக எழுதத் தொடங்கியோர் அனுப்பிய கதைகளில் மீண்டும் மீண்டும் தென்பட்ட வாய்பாட்டை ஸ்மித் இவ்வாறு கேலிக்குரியதாக்கினார்.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, கேலி செய்தவரும் கேலிக்கு உள்ளானோரும் ஒரே எழுத்துச் சமூகத்தைச் சேர்ந்த பெண்கள். இரண்டாவது, கேலியின் இலக்கு நாயகியின் திறன் மட்டுமன்று. ஏற்கெனவே வாசகர் அறிந்திருந்த பாத்திரங்கள் அவளுக்காகத் தம் இயல்பை இழந்து வளைந்துகொடுப்பதே அதன் முதன்மையான இலக்கு. கிர்க் தன் கடமையையும் ஸ்பாக் தன் நிதானத்தையும் அவள்பொருட்டுக் கைவிடுகின்றனர். அதாவது, ‘மேரி சூ’ என்பது தொடக்கத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றிய சொல்லாக இருந்ததைவிட, ஒரு பாத்திரத்தைச் சுற்றிக் கதையுலகம் சிதைவதைப் பற்றிய சொல்லாகவே இருந்தது எனலாம்.

பின்னாளில் ஆண் பாத்திரங்களுக்கென ‘கேரி ஸ்டூ’, ‘மார்ட்டி ஸ்டூ’ என்னும் பெயர்களும் உருவாயின. ஆயினும் அவை பெண்பாற் பெயரிலிருந்து பிறந்த வழிப்பெயர்களாகவே நின்றன. வழக்கிலும் அதனளவு பரவவில்லை. மிகைத்திறன் என்னும் குறைக்குப் பொதுப்பெயர் பெண்ணின் பெயராகவும், ஆண்பாற் பெயர் அதன் விலக்காகவும் அமைந்ததே இவ்விவாதத்தின் பிற்கால வரலாற்றுக்கு முன்னறிவிப்பாயிற்று.

எழுதுவோர்மீது சொல் செலுத்திய அச்சம்

அமெரிக்க ரசிகர் சமூகங்களை நேரில் பழகி ஆராய்ந்த கமில் பேகன்-ஸ்மித், 1992இல் வெளியிட்ட ‘என்டர்பிரைசிங் விமன்’ என்னும் நூலில் இச்சொல்லின் விளைவுகளைப் பேசியுள்ளார். தம் கதையின் நாயகி ‘மேரி சூ’ எனப் பழிக்கப்படுவாள் என்னும் அச்சத்தால் பெண் எழுத்தாளர்கள் பெண் பாத்திரங்களைப் படைக்கவே தயங்கினர் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. எழுத்துப் பயிற்சிக்கு உதவும் எச்சரிக்கையாகத் தொடங்கிய சொல், எழுதும் கையைத் தடுக்கும் காவலாக மாறியது. ஒரு திறனாய்வுச் சொல் தவறான படைப்பைத் திருத்துவதோடு நில்லாமல் படைப்பே தோன்றாமற் செய்யுமாயின், அதன் பயனை மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது.

இத்தயக்கத்திற்கு அறிவியல் புனைகதை எழுத்தாளரும் திறனாய்வாளருமான ஜோனா ரஸ் முன்னரே ஒரு விளக்கம் அளித்திருந்தார். 1972இல் வெளிவந்த தம் கட்டுரையொன்றில், நாயகி என்ன செய்ய இயலும் என்னும் வினாவை அவர் எழுப்பினார். இலக்கிய மரபில் கிடைக்கும் கதைப்பின்னல்களுள் பெரும்பாலானவை ஆண் நாயகனுக்கென வடிவமைந்தவை. அவற்றில் ஆணின் இடத்தில் பெண்ணை வைத்தால் கதை விந்தையாகவோ நகைப்புக்கிடமாகவோ தோன்றுகிறது. பெண்ணுக்கென எஞ்சியிருப்பது பெரும்பாலும் காதற்கதை ஒன்றே என்பது அவர் வாதம். பாலினப் பாத்திரங்களால் முன்கூட்டியே வரையறுக்கப்படாத கதைப்பின்னல்களுக்கு இடமளிக்கும் வகைமைகளுள் ஒன்றாக அவர் அறிவியல் புனைகதையைக் கருதினார். புதிய உலகங்களைப் படைக்கும் அவ்வகைமையிலேயே நாயகியின் திறன் நம்பமுடியாததாகக் கருதப்படுவது இதனால் கூர்ந்து நோக்கத்தக்கதாகிறது.

தன்னேரில்லாத் தலைவனும் வீரக்கதை மரபும்

மிகைத்திறன் என்பது வீரக்கதைக்குப் புறம்பான குறையன்று. அதன் இலக்கணமே ஆகும். தண்டியலங்காரம் பெருங்காப்பியத் தலைவனை ஒப்பாரில்லாதவனாக வேண்டுகிறது. மேலைநாட்டு ஆய்வாளர்களும் இதனையே வேறு சொற்களில் கூறினர். ராக்லன் பிரபு 1936இல் வெளியிட்ட நூலில் வீரனின் வாழ்வை 22 கூறுகளாகப் பகுத்து, வியத்தகு பிறப்பு, குழந்தைப்பருவத்திலேயே நேரும் பேரிடர், அயலார் இல்லத்தில் வளர்தல் முதலியவற்றைப் பட்டியலிட்டார். ஜோசப் கேம்ப்பெல் 1949இல் வெளியிட்ட நூலில் உலகத் தொன்மங்கள் பலவற்றுக்கும் பொதுவான வீரப்பயணம் ஒன்றை வரைந்தார். ஸ்டார் வார்ஸ் படங்களை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் கேம்ப்பெல்லின் கருத்துகளுக்குத் தாம் கடன்பட்டிருப்பதை வெளிப்படையாகவே கூறியவர்.

இம்மரபில் வீரன் திறனை ஈட்டுவதைவிட, தன்னுள் உறைந்த திறனைக் கண்டுகொள்வதே மிகுதி. அவன் யார் என்பது அவனுக்கே தெரியாதிருக்கும். உற்ற நேரத்தில் அது வெளிப்படும். எனவே பயிற்சியின்றித் திறன் வெளிப்படுவது மட்டும் குறையாகாது. அது குறையாகும் இடம் எது என்பதே வினா.

நான்கு வினாக்கள்

பாத்திரத்தின் மிகைத்திறன் கதையைக் கெடுக்கிறதா என்பதை அறியப் பின்வரும் நான்கு வினாக்கள் உதவும்.

ஒன்று, வேர். திறன் வெளிப்படும் முன்பே அதற்கான அடிப்படை கதையில் ஊன்றப்பட்டுள்ளதா?

இரண்டு, விலை. திறனாலோ அதனைப் பயன்படுத்துவதாலோ பாத்திரம் எதையேனும் இழக்கிறதா?

மூன்று, பிழை. பாத்திரத்தின் தவறான முடிவு கதையின் போக்கை மாற்றுகிறதா?

நான்கு, சூழல். பிற பாத்திரங்கள் தத்தம் இயல்பில் நிலைக்கின்றனரா, முதன்மைப் பாத்திரத்தை உயர்த்தும்பொருட்டுத் தாழ்த்தப்படுகின்றனரா?

இவற்றுள் நான்காவது, பாலா ஸ்மித்தின் எள்ளலில் அடங்கியிருந்த மூலப்பொருளுக்கு மிக நெருக்கமானது. நான்கு வினாக்களிலும் பாலினம் இடம்பெறவில்லை. ஆகவே இவற்றை யாரிடமும் எழுப்பலாம். எழுப்பும்போது இருபாலாரிடமும் ஒரே கண்டிப்புடன் எழுப்ப வேண்டும்.

லூக், ரே: ஓர் ஒப்பீடு

1977இல் வெளிவந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் லூக் ஸ்கைவாக்கர் பாலைநிலக் கோளொன்றில் வேளாண் குடும்பத்தில் வளரும் இளைஞன். அவன் படத்தின் இறுதியில், தான் முன்பு ஓட்டியிராத போர்விமானத்தில் ஏறி, நிலவளவான போர்நிலையத்தை ஒரே தாக்குதலில் அழிக்கிறான். இதற்கான வேர், ஊரில் சிறு விமானம் ஓட்டி விலங்குகளைக் குறிதவறாமல் சுட்டதாக அவனே கூறும் ஒரு வாக்கியமும், பயணத்தினிடையே கலத்திற்குள் பெறும் சிறிது நேர ஒளிவாட் பயிற்சியும் ஆகும். அவன் தன்னை வளர்த்தோரையும் ஆசானையும் இழக்கிறான். ஆனால் அவ்விழப்புகள் அவன் திறனைப் பயன்படுத்தியதன் விளைவுகள் அல்ல. இயந்திரன் ஒன்றன் பூட்டைக் கழற்றி அது தப்பியோட வழிசெய்தது அவன் செய்யும் பிழை. சூழல் வினாவில் படம் நன்கு தேறுகிறது. லேயாவும் ஹான் சோலோவும் தம் இயல்பில் நிற்கின்றனர். இறுதித் தாக்குதலில் லூக் வெல்வதற்கு ஹான் திரும்பி வருவது இன்றியமையாததாகிறது.

2015இல் வெளிவந்த ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தில் ரேயும் பாலைநிலக் கோளொன்றில் தனித்து வாழ்பவள். சிதைந்த கலங்களிலிருந்து உதிரிப் பாகங்களைக் கழற்றி விற்று உணவு பெறுகிறாள். கலங்களின் உட்பொறி அறிவுக்கும், தடி கொண்டு போரிடும் திறனுக்கும் படத்தின் தொடக்கக் காட்சிகளே வேராகின்றன. அவள் செய்யும் பிழைகளும் உள்ளன. சரக்குக் கலமொன்றில் தவறான மின்காப்பைக் கழற்றிக் கொடிய விலங்குகளை அவிழ்த்துவிடுகிறாள். ஒளிவாளைத் தொட்டதும் தோன்றும் காட்சிக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடிச் சிறைப்படுகிறாள். கதையின் இறுதிப்பகுதி இப்பிழையின் விளைவாகவே நகர்கிறது.

அவள்மீதான குற்றச்சாட்டு வலுப்பெறும் இடங்களும் உண்டு. காவலனின் மனத்தைத் தன் சொல்லால் ஆளும் காட்சியில் அவளுடைய முதல் முயற்சிகள் தோற்றாலும், அக்கலை இருப்பதை அவள் எவ்வாறு அறிந்தாள் என்பதற்குப் படம் விடையளிக்கவில்லை. இறுதிப் போரில் கைலோ ரென் ஏற்கெனவே சூபாக்காவின் அம்பெறியால் காயமுற்றவன் என்பதைப் படம் வலியுறுத்திக் காட்டினும், அவளது வெற்றி விரைந்தே வருகிறது. சூழல் வினாவிலும் ஓர் இடறல் உள்ளது. ஹான் கொல்லப்பட்டபின் திரும்பும் காட்சியில், அவனுடைய நெடுநாள் தோழன் சூபாக்காவைக் கடந்து, அதுவரை பழகியிராத ரேயை லேயா அணைத்துக்கொள்கிறாள். பழைய பாத்திரங்களின் துயரத்தைவிடப் புதிய நாயகியின் இடம் முன்னிறுத்தப்பட்டது இங்கு வெளிப்படை.

இவ்வொப்பீட்டால் விளங்குவது, முதற்படத்து லூக்கிற்கும் முதற்படத்து ரேயிற்கும் உள்ள வேறுபாடு அளவில் உள்ளதேயன்றி வகையில் உள்ளதன்று என்பதே. விவாதங்களில் இது மறைவதற்குக் காரணம், ரசிகர் நினைவில் வாழும் லூக் மூன்று படங்களின் லூக் என்பதுதான். 1980இல் வெளிவந்த இரண்டாம் படத்தில் யோடாவிடம் பயிலும் பயிற்சியை முடிக்காமல் அவன் புறப்படுகிறான். அப்பிழைக்கு ஒரு கையையும், தந்தை குறித்த தன் கனவையும் விலையாகக் கொடுக்கிறான். விலை, பிழை ஆகிய இரு வினாக்களுக்கும் லூக் தரும் விடை அப்படத்திலேயே உள்ளது. ஒரு படம் மட்டுமே வெளிவந்த நிலையில் ரேயை இந்த நிறைவுற்ற லூக்கோடு ஒப்பிட்டது பொருந்தா ஒப்பீடாகும்.

அடுத்த இரு படங்களையும் சேர்த்து நோக்கினால் வேறொரு குறை தெளிவாகிறது. 2017இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஜெடை’ படத்தில் கைலோ ரென்னைத் திருத்திவிடலாம் என நம்பிச் சென்று ரே ஏமாறுகிறாள். அவள் பெற்றோர் பெயரற்ற எளியோர் எனவும் கூறப்படுகிறது. 2019இல் வெளிவந்த ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ படமோ அவளைப் பேரரசன் பால்படைனின் பேர்த்தி ஆக்குகிறது. முதற்படத்தில் விடையின்றி விடப்பட்ட வேர் பற்றிய வினாவுக்கு இரண்டாம் படம் ஒரு விடையும் மூன்றாம் படம் அதனை மறுக்கும் விடையும் தருகின்றன. இது கதையை அமைத்தோரின் திட்டமின்மை. இக்குறையைச் சுட்ட ‘மேரி சூ’ என்னும் பெயர் சிறிதும் உதவாது. அது பழியைப் படைத்தவரிடமிருந்து படைக்கப்பட்டவளுக்கு மாற்றிவிடுகிறது.

ஆண் பாத்திரங்கள் மூன்று

இவ்வினாக்களை ஆண் பாத்திரங்கள் மூவரிடமும் எழுப்பிப் பார்த்தல் தகும். 1999இல் வெளிவந்த ‘தி ஃபேன்டம் மெனஸ்’ படத்தில் அனாகின் ஒன்பது வயதுச் சிறுவன். தந்தையின்றிக் கருவுற்ற தாய்க்குப் பிறந்தவன்; பேசும் இயந்திரனைத் தானே உருவாக்கியவன்; மனிதரால் இயலாதெனக் கூறப்படும் விரைவூர்திப் பந்தயத்தில் வெல்பவன்; இறுதியில் பகைவரின் தலைமைக் கலத்தை ஏறத்தாழத் தற்செயலாகவே அழிப்பவன். படம் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது உண்மை. ஆனால் கண்டனம் பெரும்பாலும் உரையாடல், நடிப்பு, இயக்கம் ஆகியவற்றைக் குறித்தே அமைந்தது. ஒரு சிறுவன் இத்துணைத் திறன் பெற்றிருத்தல் தகுமோ என்பது விவாதத்தின் மையமாகவில்லை.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ புதினம் 1965இல் வெளிவந்தது. அதன் நாயகன் பால் அட்ரெய்டிஸ், பெனி ஜெசரிட் என்னும் பெண்கள் அமைப்பு பல தலைமுறைகளாக நடத்திய இனப்பெருக்கத் திட்டத்தின் விளைவு, தாயிடமும் வாள்வல்லாரிடமும் பயின்றவன், எதிர்காலம் காண்பவன். இவனைவிட மிகைத்திறன் கொண்ட நாயகனைக் காண்டல் அரிது. எனினும் புதினம் நான்கு வினாக்களுக்கும் ஈடுகொடுக்கிறது. திறனின் வேர் விரிவாகக் காட்டப்படுகிறது. தன் பெயரால் புனிதப்போர் மூளும் என்பதை அவன் முன்கூட்டியே கண்டும் தடுக்க இயலாமையே அவன் கொடுக்கும் விலை. மிகைத்திறன் ஆழ்ந்த கதைக்குத் தடையன்று என்பதற்கு இது சான்று. பெண்களின் அறிவும் உழைப்பும் தலைமுறைகளாகத் திரண்டு ஓர் ஆணின் வருகைக்காகவே காத்திருப்பதாகக் கதை அமைந்துள்ளமையும் நினைக்கத்தக்கது.

மூன்றாவது சான்று இக்கட்டுரையின் வாதத்திற்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளத்தக்கது. 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் வெஸ்லி கிரஷர் என்னும் பதின்வயதுச் சிறுவன், தேர்ந்த அதிகாரிகள் திகைத்து நிற்கக் கலத்தைக் காப்பாற்றுவான். அவன் பெயர் தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரியின் நடுப்பெயர். ரசிகர்கள் அவனைப் பெரிதும் வெறுத்தனர். ஆணாயினும் அவன் தப்பவில்லை. காரணம், நான்காம் வினாவில் அவன் தோற்றதே. அவன் அறிவாளியாகத் தோன்றும்பொருட்டுப் பெரியோர் அறிவிலிகளாக்கப்பட்டனர். எனவே மிகைத்திறன் மீதான எரிச்சல் எல்லாம் பெண்வெறுப்பே எனக் கொள்வது பிழையாகும். ஆயினும் வெஸ்லியைக் கண்டோர் யாரும் ஆண் நாயகர்களே வேண்டா என்னும் முடிவுக்கு வரவில்லை. இரட்டை அளவுகோல் செயற்படும் இடம் இதுவே. ஆண் பாத்திரத்தின் தோல்வி அப்பாத்திரத்தின் தோல்வியாக முடிகிறது. பெண் பாத்திரத்தின் தோல்வியோ பெண்ணை நாயகியாக்கும் முயற்சியின் தோல்வியாக விரிக்கப்படுகிறது.

எதிர்வாதமும் அதன் வரம்பும்

ரேயைக் குறைகூறியோர் தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. 1977இல் ‘ஃபோர்ஸ்’ எனப்படும் பேராற்றல் பற்றிப் பார்வையாளர் எதுவும் அறியார். அதனால் லூக் எதைச் செய்தாலும் ஏற்றனர். 2015இல் அவ்வுலகின் விதிகள் நிலைபெற்றிருந்தன. குழந்தைப் பருவத்திலேயே பயிற்சி தொடங்க வேண்டும், அது நெடிது நீளும் என்பதைப் பின்வந்த படங்கள் பதித்திருந்தன. ஆகவே ரேயிடம் கூடுதல் விளக்கம் கேட்டது பாலின வேறுபாட்டால் அன்று, விதிகளின் வளர்ச்சியால் என்பது அவ்வாதம்.

இதனை ஏற்கலாம், ஆனால் இதன் எல்லையையும் அறிய வேண்டும். விதி மீறப்பட்டது என்பது மட்டுமே முறையீடாயின், ‘விதி மீறப்பட்டது’ எனக் கூறுவதே போதும். பெண்பெயரொன்றை இடுகுறியாக்க வேண்டியதில்லை. மேலும் ஒரு திறன் வியப்பளிக்கிறதா இயல்பாகத் தோன்றுகிறதா என்பது பார்வையாளர் முன்பு கண்ட கதைகளைப் பொறுத்தது. இளைஞன் ஒருவன் திடீரென வீரனாவதைக் கண்டு பழகிய கண்ணுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை, மரபே விளக்கமாகிவிடுகிறது. அம்மரபு பெண்ணுக்கு அக்கடனைத் தருவதில்லை. ஆகவே ஒரே அளவு விளக்கம் பெற்ற இரு பாத்திரங்களுள் ஒன்று நம்பத்தக்கதாகவும் மற்றொன்று நம்பத்தகாததாகவும் தோன்றக்கூடும். தீய நோக்கம் எதுவுமின்றியே இரட்டை அளவுகோல் பிறப்பது இவ்வாறுதான்.

வலிமைக்குக் கேட்கப்படும் விலை

பெண் வீரர்களை ரசிகர்கள் ஏற்பதில்லை எனவும் கூற இயலாது. 1979இல் வெளிவந்த ‘ஏலியன்’ படத்தின் ரிப்ளியும், 1991இல் வெளிவந்த ‘டெர்மினேட்டர் 2’ படத்தின் சாரா கானரும் எவ்வித ஐயமுமின்றிப் போற்றப்படுகின்றனர். ‘ஏலியன்’ திரைக்கதையில் பாத்திரங்கள் இருபாலாரும் ஏற்கத்தக்கவையாக எழுதப்பட்டிருந்தன என்பது அறியத்தக்கது. ரிப்ளியின் திறன் அவளுடைய தொழிலறிவிலிருந்தும் விதிமுறைகளை மதிக்கும் நிதானத்திலிருந்தும் பிறக்கிறது. சாரா கானரின் வலிமை ஆண்டுக்கணக்கான பயிற்சியின் விளைவு.

ஆயினும் இவ்விருவரின் ஏற்புக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருப்பதைக் காணலாம். 1986இல் வெளிவந்த இரண்டாம் படத்தில் ரிப்ளியின் வீரம் அனாதைச் சிறுமி ஒருத்தியைக் காக்கும் தாய்மையோடு பிணைக்கப்படுகிறது. சாரா கானர் மகனுக்காகவே போரிடுகிறாள். மனநல விடுதியில் அடைபட்டுத் துன்புற்றபின்பே அவள் வலிமை திரையில் விரிகிறது. பெண்ணின் வலிமை துன்பத்தாலோ தாய்மையாலோ விலைகொடுத்து வாங்கப்பட்டால் ஏற்கப்படுகிறது; லூக்கினுடையதைப் போல மகிழ்ச்சியோடு கண்டெடுக்கப்பட்டால் ஐயுறப்படுகிறது. ரேயின்மீதான எரிச்சலில் ஒரு பகுதி இந்நிபந்தனை மீறப்பட்டதால் எழுந்தது எனக் கருத இடமுண்டு.

இதன் மறுபக்கத்தைத் திரைத் திறனாய்வாளர் டாஷா ராபின்சன் 2014இல் ‘டிரினிட்டி நோய்க்குறி’ எனப் பெயரிட்டுக் காட்டினார். 1999இல் வெளிவந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் டிரினிட்டி தொடக்கக் காட்சியிலேயே பெருவீரம் காட்டுகிறாள். ஆனால் மூளையில் நேரடியாகப் பதிக்கப்பட்ட போர்க்கலையுடன் நியோ எழுந்ததும் அவள் அவனுக்குத் துணையாக ஒதுங்குகிறாள். திறன்மிக்க பெண் திறனற்ற ஆணின் உயர்வுக்குப் படிக்கட்டாகும் இவ்வமைப்பு, நான்காம் வினாவின்படி நேரிய குறை. எனினும் சில நிமிடங்களில் வல்லுநனாகும் நியோவின் மிகைத்திறன் ரசிகர் விவாதங்களில் ரேயினது போல் இழிவுப்பெயர் பெறவில்லை. அப்படத்தில் அவன் ‘ஒருவன்’. மரபு காத்திருந்த தன்னேரில்லாத் தலைவன்.

விவாதத்தின் விளைவுகள்

இவ்விவாதம் சொற்போராக மட்டும் நின்றிருப்பின் கவலைக்கிடமில்லை. ‘தி லாஸ்ட் ஜெடை’ படத்தில் ரோஸ் என்னும் பாத்திரமேற்ற கெல்லி மேரி டிரான், பாலினம், இனம் இரண்டையும் குறித்த வசைமொழிகளுக்கு இலக்காகி, 2018இல் சமூக ஊடகத்திலிருந்து தம் பதிவுகளை நீக்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் அவ்வனுபவத்தை அவரே கட்டுரையாக எழுதினார். அடுத்த படத்தில் அவர் பாத்திரத்துக்கு மிகக் குறைந்த இடமே எஞ்சியது. ரோஸ் மிகைத்திறன் கொண்ட பாத்திரமே அன்று. கலப் பராமரிப்புப் பணியாளர். மிகைத்திறன்தான் குறையெனத் தொடங்கிய கண்டனம் எளிய திறனுடைய பெண்ணையும் விட்டுவைக்கவில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. 1999ஆம் ஆண்டுப் படத்தின் ஆண் நடிகர்களும் ரசிகர் வசையால் துன்புற்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. கொடுமை இருபாலார்க்கும் நேரலாம். ஆனால் அது தேடும் காரணங்கள் வேறுபடுகின்றன.

மறுதரப்பிலும் ஒரு தீங்கு விளைந்தது. ரேயைப் பற்றிய எந்தக் குறையும் பெண்வெறுப்பே என ஒதுக்கப்பட்டபோது, அவளுடைய கதை இன்னும் நன்றாக எழுதப்பட்டிருக்கலாம் என்று விரும்பிய வாசகரின் குரலும் அடைபட்டது. நாயகியின்மீது அன்பு கொண்டோரே அவளுடைய கதையின் குறைகளைப் பேச இயலாத நிலை உருவாயிற்று. தரக்குறைவான எழுத்துக்கு நாயகியே கவசமாக்கப்படுவதும் அவளுக்குச் செய்யும் நீதியாகாது.

முடிவுரை

‘மேரி சூ’ என்னும் சொல், பெண்கள் நடத்திய சிறு எழுத்துச் சமூகத்தில் கதையுலகச் சிதைவைச் சுட்டும் எள்ளலாகப் பிறந்தது. பெருந்திரைக்கு இடம்பெயர்ந்தபோது அது நாயகியின் திறனையே குற்றமாக்கும் சொல்லாயிற்று. வேர், விலை, பிழை, சூழல் என்னும் நான்கு வினாக்களை எழுப்பி நோக்கும்போது, 1977இன் லூக்கும் 2015இன் ரேயும் ஒரே மரபின் பிள்ளைகள் என்பதும், ரேயின் கதையிலுள்ள மெய்யான குறை மூன்று படங்களுக்கிடையேயான திட்டமின்மை என்பதும் புலனாகின்றன. வெஸ்லி கிரஷரின் சான்று, மிகைத்திறன்மீதான எரிச்சல் அனைத்தும் பாலினக் காழ்ப்பன்று என்பதை நினைவூட்டுகிறது. ரிப்ளி, சாரா கானர் ஆகியோரின் ஏற்பு, பெண்ணின் வலிமைக்கு மட்டும் முன்கூட்டியே விலை கேட்கப்படுவதைக் காட்டுகிறது.

திறனாய்வாளர்க்கு இதனால் பெறப்படும் நெறி எளியது. ஒரு நாயகியின் திறன் நம்பத்தக்கதாக இல்லையெனத் தோன்றுமிடத்து, அதே வினாவைத் தமக்கு உவப்பான நாயகனிடமும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். அங்கும் அதே விடை கிடைத்தால் குறை எழுத்தினுடையது. அங்கு அவ்வினாவை எழுப்பவே மனம் ஒப்பவில்லையெனின் குறை நோக்கினுடையது. இவ்வேறுபாட்டை நிலைநாட்டினால்தான், பேகன்-ஸ்மித் கண்ட எழுத்தாளரைப் போல் அஞ்சிப் பேனாவைக் கீழே வைக்காமல், தன்னேரில்லாத் தலைவியரை எழுதவும் அவர்தம் கதைகளை நேர்மையாகத் திருத்தவும் இயலும்.